யார் உன் கட்சிக்காரர்?

(இளம் வழக்கறிஞர்கள் கூட்டிய கூட்டமொன்றில் ஆற்றிய உரை)

கறுப்பு அங்கியைக் கழற்றி வைத்துவிட்டும், கழற்ற நேரமின்றி அணிந்தவாறேயும் வந்து குழுமியிருக்கும் வழக்கறிஞர் நண்பர்களே!

கல்லூரிப் படிக்கட்டில் ஏறி, பாதியிலேயே இறங்கி வந்துவிட்டவன் நான். பட்டம் பெறாத ஒருவனைப் பிடித்து வந்து, பட்டம் பெற்றவர்கள் நடுவே நிறுத்தி, பேசு என்று பணித்திருக்கிறீர்கள். இதற்கு ஒப்புக்கொள்ளும் துணிவு எங்கிருந்து வந்தது என்கிறீர்களா? இன்று நான் பேச எடுத்துக்கொண்டிருப்பவர் கல்லூரி வாயிலையே மிதிக்காதவர். பள்ளியில் இருந்த நாட்களையெல்லாம் கூட்டிப் பார்த்தாலும் ஓராண்டு தேறாது என்று தம்மைப் பற்றித் தாமே எழுதி வைத்தவர். அவர் பெயர் ஆபிரகாம் லிங்கன்.

லிங்கன் என்றதும் வெள்ளை மாளிகை உங்கள் கண்முன் வந்து நிற்கும். அதைச் சற்று ஓரமாக நிறுத்தி வையுங்கள். அந்த மாளிகையில் அவர் வாழ்ந்தது நான்காண்டுகளும் சில வாரங்களுமே. அதற்கு முன், இல்லினாய் மாநிலத்துச் சிற்றூர்களில், குதிரை மீதேறி, கோர்ட்டுக்குக் கோர்ட்டு அலைந்து, கடன் வழக்கும் வேலி வழக்கும் நடத்தி, தேர்தலில் நின்று, தோற்று, மீண்டும் நின்று, வென்று, கால் நூற்றாண்டுக் காலம் வாழ்ந்த ஒரு லிங்கன் உண்டு. அந்த உள்ளூர் வக்கீலை, உள்ளூர் அரசியல்வாதியைத்தான் உங்கள் முன் அழைத்து வந்திருக்கிறேன்.

உங்கள் தொழிலில் ஒரு சொல் உண்டு. எங்கள் தொழிலிலும் அதே சொல் உண்டு. கட்சிக்காரர்! வழக்கை உங்களிடம் ஒப்படைப்பவர் உங்கள் கட்சிக்காரர். கொடி பிடித்து உடன் வருபவர் எங்கள் கட்சிக்காரர். உங்கள் கட்சிக்காரர் தீர்ப்பு வந்ததும் போய்விடுவார். சில வேளைகளில் கட்டணம் கொடுக்காமலே போய்விடுவார். எங்கள் கட்சிக்காரர் போகவே மாட்டார். நள்ளிரவிலும் கதவைத் தட்டுவார். இரண்டு தொழிலையும் ஒருசேரச் செய்ய முனையும் மனிதனுக்கு ஒரு நாள் இக்கட்டு வந்தே தீரும். யாருக்காகப் பேசுகிறாய், உன் கட்சிக்காரர் யார் என்ற கேள்வி அவன் எதிரே வந்து நிற்கும். லிங்கனுக்கும் அது வந்தது. ஒரு முறை அன்று, பலமுறை வந்தது. வந்தபோதெல்லாம் அவர் என்ன செய்தார் என்பதைத்தான் இன்று பார்க்கப் போகிறோம்.

1831-ஆம் ஆண்டு, நியூ சேலம் என்னும் சிற்றூருக்கு, இருபத்திரண்டு வயது இளைஞராக வந்து சேர்ந்தார். இருபது இருபத்தைந்து மரக்கட்டை வீடுகள் கொண்ட ஊர். கடையில் எடுபிடியாக இருந்தார். பிறகு கூட்டாளியுடன் சொந்தக் கடை வைத்தார். கடை கவிழ்ந்தது, கடன் நிமிர்ந்தது! கூட்டாளி இறந்துவிட, அவர் பங்குக் கடனையும் சேர்த்துத் தம் தலையில் ஏற்றிக்கொண்டார். ஆயிரம் டாலருக்கு மேற்பட்ட அந்தச் சுமைக்குத் தேசியக் கடன் என்று அவரே கேலிப் பெயரும் சூட்டினார். ஊரில் அஞ்சல் அலுவலர் அவர்தான். கடிதங்களைத் தொப்பிக்குள் வைத்துக்கொண்டு வீடு வீடாகக் கொடுப்பார். நிலம் அளக்கும் வேலையும் பார்த்தார். கடன்காரர்கள் குதிரையையும் அளவைக் கருவிகளையும் ஏலத்தில் போட்டார்கள். நண்பர் ஒருவர் அவற்றை ஏலத்தில் எடுத்து அவரிடமே திருப்பிக் கொடுத்தார்.

இந்த நிலையில் இருந்தவர் 1832-இல் சட்டமன்றத் தேர்தலில் நின்றார்! நான்கு இடங்களுக்குப் பதின்மூன்று பேர் போட்டி. இவர் எட்டாவதாக வந்தார். தோல்விதான். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். நியூ சேலத்தில் பதிவான ஏறத்தாழ முந்நூறு வாக்குகளில் 277 வாக்குகள் இவருக்கு விழுந்தன. மாவட்டம் அறியவில்லை, ஊர் அறிந்திருந்தது. மக்களின் நேரடி வாக்கில் தாம் தோற்றது அந்த ஒரு முறைதான் என்று பின்னாளில் அவரே குறித்து வைத்தார். 1834-இல் வென்றார், தொடர்ந்து நான்கு முறை உறுப்பினராக இருந்தார்.

சட்டமன்றத்துக்குள் நுழைந்த பிறகுதான் சட்டம் படித்தார் என்பதை எண்ணிப் பாருங்கள். சக உறுப்பினரும் வழக்கறிஞருமான ஜான் ஸ்டூவர்ட் நூல்களை இரவல் கொடுத்தார். ஆசிரியர் இல்லை, வகுப்பு இல்லை. மர நிழலும் பிளாக்ஸ்டோனின் சட்ட நூலும்தான். 1836-இல் தொழில் நடத்த உரிமம் பெற்றார். 1837 ஏப்ரலில், இரவல் குதிரை ஏறி, ஸ்பிரிங்ஃபீல்டு நகருக்கு வந்தார். நகரம் என்கிறேனே தவிர, மக்கள் தொகை ஆயிரத்து ஐந்நூறு அளவுதான். கடையொன்றில் நுழைந்து படுக்கைக்கு விலை கேட்டார். பதினேழு டாலர் என்றார் கடைக்காரர் ஜோஷுவா ஸ்பீடு. பையில் பணமில்லை. மாடியில் என் படுக்கை பெரிது, பகிர்ந்து கொள்ளலாம் என்றார் ஸ்பீடு. சேணப்பைகளைத் தோளில் போட்டுக்கொண்டு மாடியேறி, வைத்துவிட்டு இறங்கி வந்து, குடியேறிவிட்டேன் என்றார் லிங்கன். அவ்வளவுதான் அவருடைய குடிபுகு விழா!

அந்த ஊருக்கு அவர் ஏற்கெனவே வேண்டியவர். ஒரு சில வாரங்களுக்கு முன்புதான் மாநிலத் தலைநகரை வண்டாலியாவிலிருந்து ஸ்பிரிங்ஃபீல்டுக்கு மாற்றச் சட்டமன்றம் வாக்களித்திருந்தது. அதற்காக முட்டி மோதியவர்கள் சாங்கமன் கவுண்டியின் ஒன்பது பிரதிநிதிகள். ஒவ்வொருவரும் ஆறடிக்குக் குறையாத உயரம். நெட்டை ஒன்பதின்மர் என்று பெயர். அந்த நெட்டையர்களில் முன்நின்றவர் லிங்கன். பேரம் பேசினார், ஆதரவு கொடுத்து ஆதரவு வாங்கினார். கால்வாய், சாலை, ரயில் என்று எல்லா ஊருக்கும் எல்லாம் வாரி வழங்கிய திட்டத்தையும் ஆதரித்தார். மாநிலம் கடனில் மூழ்கியது. உள்ளூர் அரசியல் எல்லா நாட்டிலும் ஒரே முகம் கொண்டதுதான் போலும்.

ஆனால் அதே 1837-இல் நடந்த மற்றொன்றையும் கேளுங்கள். அடிமை முறையை ஒழிக்க வேண்டும் என்று சங்கம் அமைப்போரைக் கண்டித்து இல்லினாய் சட்டமன்றம் தீர்மானம் போட்டது. ஆதரவு 77, எதிர்ப்பு 6. அந்த ஆறு பேரில் ஒருவர் லிங்கன். அதோடு நிற்கவில்லை, மார்ச் மாதம் 3-ஆம் நாள், டான் ஸ்டோன் என்ற உறுப்பினரும் அவரும் கையெழுத்திட்டு, அடிமை முறை அநீதியின் மேலும் தவறான கொள்கையின் மேலும் எழுந்தது என்று மன்றக் குறிப்பில் பதிவு செய்தனர். ஒழிப்புப் பிரச்சாரம் தீமையை மேலும் வளர்க்கும் என்ற வரியையும் அதே மூச்சில் எழுதினர். அடிமை முறை அநீதி. அதை எதிர்த்து முழங்குவதும் கூடாது! இருபத்தெட்டு வயது உள்ளூர் அரசியல்வாதியின் ஒரு கால் அறத்திலும், மறு கால் வாக்காளரின் வாசற்படியிலும் இருந்தது.

இனிக் கோர்ட்டுக்கு வருவோம். இளவேனிலில் ஒரு முறை, இலையுதிர் காலத்தில் ஒரு முறை, நீதிபதியும் வழக்கறிஞர்களும் ஒன்றாகக் கிளம்புவார்கள். எட்டாவது நீதிச் சுற்று என்பது அதன் பெயர். ஒரு கட்டத்தில் பதினான்கு கவுண்டிகள் அதில் அடக்கம். வாரக்கணக்கில் பயணம். சேற்றில் குதிரை புதையும். வெள்ளத்தில் ஆறு மறிக்கும். ஊர் சேர்ந்ததும், வழக்காடுவோர் வந்து, எனக்கு நீ, எனக்கு நீ என்று வக்கீல்களைப் பிடித்துக்கொள்வார்கள். காலையில் இருவர் எதிரெதிரே நின்று அனல் கக்குவர். இரவில் அவ்விருவரே சத்திரத்தில் ஒரே கட்டிலில் படுத்துறங்குவர். தனிக் கட்டில் கிடைத்தவர் நீதிபதி டேவிட் டேவிஸ் ஒருவரே. அவர் பதவிக்காக அன்று. அவர் எடை முந்நூறு ராத்தல்!

கோர்ட்டு கூடும் நாள் அங்கே திருவிழா நாள். உழவர் வருவர், வணிகர் வருவர், வேடிக்கை பார்க்க வேலையற்றோரும் வருவர். தீர்ப்பு முடிந்ததும் சத்திரத்துத் திண்ணையில் லிங்கனின் கதை தொடங்கும். சிரித்துச் சிரித்து வயிறு வலிக்கும் என்பார்கள். நாடகம் எழுதுகிற நான் பொறாமைப்படுவது இங்கேதான். கட்டணமில்லாமல் கூட்டம் சேர்த்தார். மக்கள் எந்தச் சொல்லுக்குச் சிரிப்பார்கள், எந்தச் சொல்லுக்கு மௌனமாவார்கள் என்று ஊர் ஊராகப் படித்தார். ஜூரியாக உட்கார்ந்திருக்கும் பன்னிரண்டு குடியானவர்களுக்குப் புரியாத வாதம் வாதமே அன்று என்பது அவர் கற்ற பாடம்.

அலுவலகம் எப்படியிருந்தது? ஆவணங்களைத் தொப்பிக்குள் செருகிக்கொள்வார். மேசைமீது ஒரு கட்டு. வேறெங்கும் கிடைக்காததை இதில் தேடு என்று அதன்மேல் எழுதியிருக்கும். தொழிற்கூட்டாளி வில்லியம் ஹெர்ண்டன் என்ன பாடுபட்டாரோ! ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டுகளில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட வழக்குகள். அவற்றுள் பாதிக்கு மேல் கடன் வழக்குகள். கடனாளியாய் இருந்தவர் கடன்காரனுக்காகவும் கடனாளிக்காகவும் மாறி மாறி நின்றார். வழக்கைத் தூண்டாதே, அண்டை வீட்டாரைச் சமாதானம் செய்து வை என்று இளம் வக்கீல்களுக்கு அறிவுரைக் குறிப்பும் எழுதினார்.

அந்த ஐயாயிரத்திலிருந்து மூன்றை மட்டும் எடுக்கிறேன்.

1841. மாநில உச்ச நீதிமன்றம். ஒருவர் மற்றொருவருக்கு எழுதிக்கொடுத்த புரோநோட்டு. எதற்காக எழுதியது? நான்ஸ் என்ற கறுப்பினப் பெண்ணை வாங்கியதற்காக! நோட்டு எழுதியவர் பணம் தர மறுத்தார். அவருக்காக வாதாடியவர் லிங்கன். இந்த மாநிலத்தில் மனிதர் எவரும் விடுதலை பெற்றவர் என்றே கொள்ளவேண்டும், விடுதலை பெற்றவரை விற்க முடியாது, எனவே நோட்டு செல்லாது என்று தீர்ப்பாயிற்று. நான்ஸ் விடுதலை பெற்ற பெண் என்று நிலைநாட்டப்பட்டது. ஆனால் லிங்கனின் கட்சிக்காரர் நான்ஸ் அல்லர். பணம் கட்ட மறுத்தவர்தான். ஒரு பெண்ணின் விடுதலை, கடன் வழக்கொன்றின் உடன்விளைவாக வந்து சேர்ந்தது.

1847 அக்டோபர். கோல்ஸ் கவுண்டி, சார்ல்ஸ்டன் நகரம். மேடைகளில் இந்த வழக்கைச் சொல்வோர் குறைவு. கேளுங்கள். கென்டக்கி மாநிலத்துப் பண்ணையார் ராபர்ட் மாட்சன். இல்லினாயில் அவருக்கு நிலம் இருந்தது. அங்கிருந்து அடிமைகளைக் கூட்டி வருவார்; வேலை முடிந்ததும் திருப்பி அனுப்புவார்; இல்லினாய் மண்ணில் நிலையாகத் தங்கினால் விடுதலை கிடைத்துவிடுமே! ஜேன் பிரையன்ட் என்ற தாயும் அவள் பிள்ளைகளும் மட்டும் இரண்டாண்டுகளாக அங்கேயே இருந்தனர். கணவர் ஆன்டனி விடுதலை பெற்றவர். பண்ணை வீட்டில் பூசல் எழுந்தது. குடும்பத்தைத் தெற்கே விற்றுவிடுவோம் என்ற மிரட்டல் வந்தது. அந்தத் தாய் பிள்ளைகளை அணைத்துக்கொண்டு இரவில் ஓடினாள். விடுதியாளர் ஆஷ்மோரும் மருத்துவர் ரதர்ஃபோர்டும் அடைக்கலம் தந்தனர். மாட்சன் வழக்குத் தொடுத்தார். என் உடைமையைத் திருப்பிக் கொடு என்றார். உடைமையாம்! தாயும் பிள்ளைகளும்!

மருத்துவர் ரதர்ஃபோர்டு தமக்காக வாதாட லிங்கனைத் தேடிப் போனார். முகம் வாடிய லிங்கன் சொன்ன பதில்: மாட்சனுக்கு முன்பே ஒப்புக்கொண்டுவிட்டேன். பின்னர், அந்தக் கட்டிலிருந்து விடுபட்டு வரமுடியும் என்று சொல்லியனுப்பினார். புண்பட்டிருந்த மருத்துவர் ஏற்கவில்லை. வழக்கு மன்றத்துக்கு வந்தது. பிரையன்ட் குடும்பத்தை எதிர்த்து, பண்ணையாருக்காக எழுந்து நின்றார் ஆபிரகாம் லிங்கன்! இவர்கள் குடியிருக்க வந்தவர்கள் அல்லர், வந்து போகிறவர்கள் என்று வாதாடினார். அந்த வாதத்தில் அவருடைய வழக்கமான வலிமை இல்லை என்று உடனிருந்தோர் பின்னாளில் கூறினர். லிங்கன் தோற்றார். ஜேனும் பிள்ளைகளும் விடுதலை பெற்றனர். மாட்சன் கட்டணம் கொடுக்காமல் ஊரைவிட்டுப் போனார் என்பார்கள். பிரையன்ட் குடும்பம் கடல் கடந்து லைபீரியாவுக்குச் சென்றது.

நண்பர்களே, இதற்குச் சமாதானம் சொல்வோர் உண்டு. வக்கீல் வந்த வழக்கை எடுக்க வேண்டும், அது தொழில் நெறி என்பர். உங்களுக்கு அந்த நெறி தெரியும். கொலைகாரனுக்கும் ஒருவர் வாதாடத்தான் வேண்டும், இல்லையேல் நீதிமன்றம் எதற்கு? ஏற்கிறேன். ஆனால் அந்த நெறியால் பத்தாண்டுகளுக்கு முன் மன்றக் குறிப்பில் இட்ட கையெழுத்தை அழிக்க முடியுமா? அநீதி என்று எழுதிய கையே அந்த அநீதிக்கு வக்காலத்தும் எழுதியது. இதை மறைத்துவிட்டுச் சிலை எழுப்பினால் அது லிங்கனின் சிலையாகாது. வேறு யாரோ ஒரு மாசற்ற கற்பனை மனிதரின் சிலை. எனக்கு இந்தக் கறை படிந்த லிங்கன்தான் வேண்டும். ஏன் என்பது போகப் போகத் தெரியும்.

மூன்றாவது, நீங்கள் எல்லோரும் அறிந்தது. 1858 மே மாதம், பியர்ட்ஸ்டவுன். நியூ சேலத்தில் சோறு போட்ட குடும்பத்தின் பிள்ளை டஃப் ஆர்ம்ஸ்ட்ராங் மீது கொலைக் குற்றம். விதவைத் தாய் ஹன்னா கண்ணீரோடு நின்றாள். இரவு பதினொரு மணிக்கு நிலவு வெளிச்சத்தில் பார்த்தேன் என்றார் சாட்சி. மீண்டும் மீண்டும் அதையே சொல்ல வைத்தார் லிங்கன். பிறகு பஞ்சாங்கத்தை எடுத்து நீட்டினார். அந்த நேரத்தில் நிலவு உச்சியில் இல்லை, மறையும் தறுவாயில் இருந்தது! பஞ்சாங்கம் பார்த்து உருப்பட்ட காரியம் இது ஒன்றுதான் போலும்; அதுவும் நல்ல நேரம் பார்க்க அன்று, நிலா நேரம் பார்க்க. டஃப் விடுதலையானான். கட்டணம் ஒரு காசும் வாங்கவில்லை. நாடகக்காரனுக்கு இதைவிடக் காட்சி கிடைக்குமா? ஆயினும் சொல்கிறேன், இது எளிய வழக்கு. நன்றி ஒரு பக்கம், நீதி ஒரு பக்கம் என்று இழுக்கவில்லை. இரண்டும் ஒரே பக்கம் நின்றன. மனிதனின் எடை தெரிவது சார்ல்ஸ்டனில்தான்.

இதே லிங்கன் இல்லினாய் சென்ட்ரல் ரயில் கம்பெனிக்காக வாதாடினார். மக்லீன் கவுண்டி அதன்மேல் வரி போட முடியாது என்று 1856-இல் வென்று கொடுத்தார். கம்பெனி கட்டணம் தரத் தயங்கியதும், சொந்தக் கட்சிக்காரர் மேலேயே வழக்குப் போட்டு, மறு ஆண்டில் ஐயாயிரம் டாலர் வாங்கினார். ஏழைத் தாயிடம் ஒரு காசும் இல்லை; ரயிலிடம் ஐயாயிரம். கணக்கு எனக்குப் பிடித்திருக்கிறது. வரியை இழந்த கவுண்டி மக்களுக்குப் பிடித்திருக்காது.

இடையில் 1847 முதல் 1849 வரை அமெரிக்க நாடாளுமன்றத்தில் ஒரு தவணை இருந்தார். மெக்சிகோ போரில் முதல் இரத்தம் சிந்திய இடம் எது, அது யார் மண் என்று குடியரசுத் தலைவரைக் கேட்டார். சொந்த ஊரிலேயே வசை வாங்கினார். திரும்பி வந்து சுற்றுக் குதிரையில் ஏறினார். அரசியல் முடிந்தது என்றே பலரும் எண்ணினர்.

1854-இல் கன்சாஸ், நெப்ராஸ்கா சட்டம் வந்தது. புதிய நிலப்பரப்புகளில் அடிமை முறை வேண்டுமா என்பதை அங்கங்கே குடியேறியவர்கள் வாக்களித்து முடிவு செய்யட்டும் என்றது. கொண்டுவந்தவர் ஸ்டீபன் டக்ளஸ், அதே இல்லினாய்க்காரர். ஒரு மனிதனை மற்றவர்கள் வாக்களித்து அடிமையாக்குவதா? லிங்கன் எழுந்தார். இப்போது அவருக்கு வக்காலத்து கொடுத்தவர் எவருமில்லை. கட்டணமும் இல்லை. கூப்பிடாமலே ஒரு கட்சிக்காரரை அவர் தேடிக்கொண்டார்.

1858-இல் இருவரும் ஏழு ஊர்களில் எதிரெதிரே நின்று பேசினார்கள். நான்காவது ஊர் எது தெரியுமா? சார்ல்ஸ்டன்! பதினோராண்டுகளுக்கு முன் ஜேன் பிரையன்டை எதிர்த்து நின்ற அதே ஊர். செப்டம்பர் 18. இவன் கறுப்பருக்குச் சம உரிமை தரப்போகிறான் என்று டக்ளஸ் மூட்டிய தீ பரவியிருந்தது. லிங்கன் மேடை ஏறினார். கறுப்பின மக்களுக்கு வாக்குரிமை தரும் எண்ணம் தமக்கில்லை, ஜூரியாக அமர்த்தும் எண்ணமும் இல்லை, வெள்ளையரே மேல்நிலையில் இருக்க வேண்டும் என்றும் பேசினார். படிக்கும்போது நெஞ்சு கசக்கிறது. முதல் ஊரான ஒட்டாவாவில், உழைத்த ரொட்டியை உண்ணும் உரிமையில் கறுப்பர் எவருக்கும் சமம் என்று முழங்கியவர், சார்ல்ஸ்டனில் வாக்காளரின் முகம் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். அப்படியும் தோற்றார், 1859 ஜனவரியில் மாநிலச் சட்டமன்றம் 54-க்கு 46 என்று டக்ளஸையே செனட்டுக்கு அனுப்பியது.

1860-இல் சிகாகோவில் குடியரசுக் கட்சியின் மாநாடு கூடியபோது, பெரிய நகரங்களின் பெரும்புள்ளிகளை விலக்கிவிட்டு லிங்கனை வேட்பாளராக்கப் பாடுபட்டவர்கள் யார்? தனிக் கட்டில் டேவிஸும் சுற்றுக் கோர்ட்டு நண்பர்களும்! சேற்றில் ஒன்றாய்ப் புதைந்தவர்கள், வேண்டிய நேரத்தில் ஒன்றாய்த் தூக்கினார்கள். ஊர் ஊராகச் சம்பாதித்த உறவு அது. வென்ற பிறகு, 1861 பிப்ரவரியில் ஊரைவிட்டுப் புறப்படும் முன் அலுவலகம் வந்தார். லிங்கன் - ஹெர்ண்டன் என்று எழுதித் தொங்கிய பெயர்ப் பலகையை எடுக்க வேண்டாம், உயிரோடு திரும்பினால் எதுவும் நடவாததுபோல் தொழிலைத் தொடர்வோம் என்று கூட்டாளியிடம் சொல்லிவிட்டுப் போனார்.

போர், பிரகடனம், கெட்டிஸ்பர்க் எல்லாம் நீங்கள் படித்தவை. நான் தாண்டிச் செல்கிறேன். ஒரே ஒரு நாளை மட்டும் காட்டி முடிக்கிறேன். 1865 ஏப்ரல் 11. தெற்கின் பெரும்படை பணிந்து இரண்டு நாள். வெள்ளை மாளிகையின் சாளரத்தில் நின்று, கீழே கூடிய மக்களிடம் லிங்கன் எழுதி வைத்ததைப் படித்தார். லூசியானா மாநிலத்தைப் பற்றிப் பேசுகையில், கறுப்பின மக்களில் அறிவிற் சிறந்தோருக்கும், படைவீரராய்ப் பணியாற்றியோருக்கும் வாக்குரிமை அளிப்பதையே தாம் விரும்புவதாகச் சொன்னார். எல்லோருக்கும் என்று சொல்லவில்லை. அப்போதும் அளந்துதான் பேசினார். ஆனால் சார்ல்ஸ்டனில் இல்லை என்று சொன்ன வாயால் சொன்னார். ஜேன் பிரையன்டை எதிர்த்து வாதாடிய வக்கீல், ஏழாண்டுகளுக்கு முன் வாக்கில்லை என்ற அரசியல்வாதி, பதவியில் இருந்துகொண்டே, பகிரங்கமாகச் சொன்னார்.

கூட்டத்தில் நின்று கேட்டவர்களில் ஜான் வில்க்ஸ் பூத் என்றொருவன் இருந்தான். நடிகன், சொல்ல நாணுகிறேன், என் தொழிலைச் சேர்ந்தவன். அந்த வாக்கியத்தின் பொருள் அவனுக்கு உடனே விளங்கிவிட்டது. இதுவே இவர் பேசும் கடைசிப் பேச்சு என்று உடனிருந்தவனிடம் சொன்னான். மூன்றாம் நாள் இரவு, ஃபோர்டு நாடகக் கொட்டகையில், பின்னாலிருந்து சுட்டான். மறுநாள் காலை லிங்கன் மறைந்தார்.